பெயரின் நடுவே ஒரு சாய்கோடு

இந்தப் பெண்ணுக்கு அலுக்கவே அலுக்காதா? நானாக இருந்தால் இந்நேரம் மாரியாயியின் கைத்தவறு என்று எழுதிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன்.

உஷாராணி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் ருமானா, கன்னத்தில் கை ஊன்றி, திரையில் நீளும் லாக் வரிகளைப் படித்துக்கொண்டிருந்தாள். பிரிக்ஃபீல்ட்ஸில், பூக்கடைகளுக்கு மேல் மாடியில் இருந்தது அவர்களுடைய சின்ன மென்பொருள் அலுவலகம். கிள்ளானில் உள்ள ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு முன்பதிவுச் செயலி செய்து கொடுத்திருந்தார்கள். செயலியைப் புதுப்பித்த நாளிலிருந்து அங்கே சிலருடைய முன்பதிவு மட்டும் காணாமல் போனது. கவுண்டரில் இருக்கும் மாரியாயி, “பதிஞ்சேன் ஆன்டி, பச்சை டிக் வந்துச்சு” என்று போனில் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள். அவளுடைய மேலாளர் நம்பவில்லை. செயலியில் கோளாறு இல்லை என்று இங்கிருந்து அறிக்கை போனால் அவளுக்கு வேலை போய்விடும். அறிக்கை எழுத வேண்டியவள் உஷாராணி.

சர்வருக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் லாக் என்ற குறிப்பேட்டில் ஒரு வரி விழும். பிழையென்றால் சிவப்பு. ‘இணைய முகவரி கிடைக்கவில்லை’ என்ற சிவப்பு வரிகள் எந்தச் செயலியிலும் குப்பை மாதிரி சேரும் என்று உஷாராணி அவற்றைத் தள்ளிக்கொண்டே போவாள். ருமானா ஒரு சிவப்பு வரியை எடுத்து, அதன் பக்கத்தில் ஒழுங்காகப் பதிவான ஒரு வரியை வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டாள்.

“சரியா இருக்கிறத எதுக்குமா பாக்குற?”

“ஃபெயிலானவன் பேப்பர மட்டும் பாத்தா என்னக்கா தெரியும்? பாஸானவன் என்ன எழுதினான்னு பாக்கணும்ல.”

பரிசோதனைக்குத் தன் பெயரையே போட்டுப் பார்த்தாள்: ருமானா பிந்தி அன்சார். பதிந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் பதிந்தது.

“என் பேருக்கு எப்பவும் ராசி லா,” என்று உதட்டைப் பிதுக்கினாள். ராசி அவளுக்கு உதவவில்லை. பிழை வர வேண்டுமே.

சற்று நேரத்தில் அவள் முதுகு நிமிர்ந்தது. “அக்கா, செவப்பு வரியில எல்லாம் முகவரி ஒரு படி கூடுதலா போகுது. ஐசி அட்டையில உங்க முழுப்பேர் என்ன?”

“உஷாராணி ஏ/பி நாகையா.”

ருமானா அப்படியே அடித்தாள். பச்சை டிக் வந்தது. லாக்கில் சிவப்பு வரி விழுந்தது.

“அய்யோ, ஏ/பி! எனக்கு பிந்தி, கோடே இல்ல. நான் போட்டா எப்படி உடையும்!”

தமிழர் பெயர்களில் இன்னாரின் மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம் ஏ/பி, மகனுக்கு ஏ/எல்; முஸ்லிம் பெண்களுக்கு அதுவே பிந்தி. இணைய முகவரியிலோ சாய்கோடு வந்தால் அடுத்த அறைக்குப் போ என்று அர்த்தம். புதிய செயலி நோயாளியின் பெயரை முகவரிக்குள் வைத்தது. கோட்டைக் கண்டதும் பெயரை இரண்டாக முறித்து, அப்பனை வேறொரு அறையில் தேடி, அப்படி ஓர் அறை இல்லாததால் பதிவையே கைவிட்டது. பதில் வருவதற்கு முன்பே காட்டிவிடுகிற பச்சை டிக் வேறு.

உஷாராணி திரையில் தன் பெயரை மறுபடி படித்தாள். பள்ளி நாளிலிருந்து எத்தனை படிவங்களில் அந்தக் கோட்டைப் போட்டிருப்பாள். ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. பதிவு தொலைந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள் என்று தெரிந்தபோதுகூட, ‘நம்ம ஆளுங்க ஒழுங்கா வந்து பதிஞ்சிருக்க மாட்டாங்க’ என்றுதான் மனம் முந்திக்கொண்டது. ருமானா யாரையும் சந்தேகிக்கவில்லை. வரியை மட்டுமே சந்தேகித்தாள். அதற்கு எவ்வளவு சுத்தமான மனம் வேண்டும் என்று உஷாராணிக்குத் தோன்றியது.

முதலாளி முகுந்தன் வந்து திரையை எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குப் புரிந்தது, அந்தப் பகுதியை எழுதியவரே அவர்தான்.

“கெட்டிக்காரி லா நீ, ருமானா! நானே முகுந்தன் ஏ/எல் பரமேஸ்வரன். எனக்கே தோணலியே!” மனம்விட்டுச் சிரித்தார். பிறகு உஷாராணி பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “உஷா, இன்னிக்கே சரி பண்ணிடுவோம். ரிப்போர்ட்ல மட்டும், கவுண்டர்ல பேரோட ஆகாத குறி ஒண்ணு சேர்த்து அடிச்சிட்டாங்கன்னு போட்டுரு. கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம். பொய் இல்லையே? கோடு போட்டது அந்தப் பொண்ணுதானே.”

பொய் இல்லைதான். அதுதான் அவளை உறுத்தியது.

“அது குறி இல்ல, போஸ். அவங்க பேரு.”

“தெரியும் லா. ஒரு வரிதானே கேக்குறேன்.”

ருமானா லாக்கை மேலே நகர்த்தி, அடுத்த சிவப்பு வரியைப் படிக்கத் தொடங்கியிருந்தாள். சீதாலெட்சுமி ஏ, அதற்குப் பின் கோடு.

உஷாராணி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நடந்தத எழுதுறேன், போஸ்,” என்றாள் மெதுவாக. “அந்த வரி வேணாம்.”