ஒரே இடத்தில் அறுந்த ஒயர்

வாள்வீச்சு ஆட்டத்தில் பிடிக்கிற மின்சார வாள் என்றால் ஷாக் அடிக்குமா என்று கேட்காத ஆளே கிடையாது. பதில் சொல்லிச் சொல்லி ரிப்பேர்க்காரிக்கு வாயே தேய்ந்துவிட்டது. வாளின் முனையில் ஒரு சின்னப் பொத்தான். அங்கிருந்து பிடி வரைக்கும் பிளேடின் நடுப்பள்ளத்தில் பசை போட்டு ஒட்டிய மெல்லிய ஒயர். முனை எதிராளியின் மேல் அழுந்தினால் மேஜையில் இருக்கிற பெட்டியில் விளக்கு எரியும். மின்சாரத்தின் வீரமெல்லாம் அவ்வளவுதான். பயப்படுவதாக இருந்தால் இரும்புக்குப் பயப்படுங்கள் என்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அன்றைக்கு வாள்வீச்சு கிளப்பின் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் அவள் புருஷன், மறுபக்கம் அவள் கூடப்பிறந்த தம்பி. இரண்டு பேர் வாளையும் பழுது பார்ப்பது அவள்தான். யார் தோற்றாலும் ராத்திரி வீட்டில் இவள் தலைதான் உருளும். தம்பி இதுவரை மச்சானை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. மாப்பிள்ளைக்கு வாளைவிட வாய்தான் நீளம் என்று புருஷன் சாப்பாட்டு நேரத்தில் அவனைச் சீண்டுவான். தம்பி தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்து போவான். இன்றைக்கோ எல்லாம் தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு தொடுகைப் புள்ளி எடுத்தால் தம்பிக்குக் கோப்பை.

கூடத்தின் மூலையில் அவள் பட்டறை மேஜை. படபடப்பில் சும்மா இருக்க முடியாமல், பழைய ஒயர் போட்டுவைக்கிற தகர டப்பாவைக் கவிழ்த்துச் சுத்தம் செய்ய ஆரம்பித்தாள். தம்பியின் வாளில் அடிக்கடி ஒயர் அறும். இன்று காலையில்கூட மாற்றினாள். வாளைத் தரையில் போட்டு அடிக்கிறாயா, கொஞ்சம் பதமாகத்தான் பிடியேன் என்று திட்டிக்கொண்டேதான் மாற்றிக் கொடுத்தாள். பொத்தான் உட்காருகிற முனைக்கிண்ணத்தோடு கழற்றிப் போட்ட அந்த அறுந்த துண்டுகளை, சுருள் நீக்கி, மேஜைமேல் வரிசையாக நீட்டினாள்.

எல்லாத் துண்டுகளும் ஒரே நீளமாக இருந்தன.

ஒயர் அறுவது பெரிய விஷயமில்லை. ஒரு தடவை முனையருகே அறும், இன்னொரு தடவை பிடியருகே. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் அறுந்தால் குற்றம் ஒயரில் இல்லை. அதற்கு அடியில் இருக்கிற இரும்பு விரிசல் விடுகிறது. பள்ளத்தில் கோடு மாதிரி ஏதோ தெரிந்ததும் இப்போது நினைவுக்கு வந்தது. பழைய பசை என்று நினைத்து, அதன்மேலேயே புதுப் பசையைப் பூசி மூடியவள் அவளேதான்.

முறிந்த பிளேடு மழுங்கியிருக்காது. பாய்ந்து வருகிறவனால் பாதியில் நிற்கவும் முடியாது. ஒருமுறை வெளியூர்ப் போட்டியில், முறிந்த வாள் ஒருவனின் தடித்த சட்டைக்குள் புகுந்து கையின் மறுபுறம் வந்ததைப் பார்த்திருக்கிறாள். ரத்தத்தை அடைக்க அவளுடைய துடைக்கிற துணியைத்தான் கொடுத்தாள். இப்போது அந்த முனைக்கு எதிரே நிற்பது புருஷன்.

கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கைதட்டல் விழுங்கிவிட்டது. ஓடிப்போய் நடுவரிடம் சொல்லப் பார்த்தாள். வெளியாள் குறுக்கிடக் கூடாது, பிறகு வாருங்கள் என்று அவர் பார்க்காமலேயே கையைக் காட்டிவிட்டார். ஆரம்பிக்கலாம் என்ற அவர் குரல் கேட்டது. தம்பி பாய்ந்தான். பெட்டி அணைந்தால் ஆட்டம் நின்றுதானே ஆக வேண்டும் என்று, அவள் குனிந்து விளக்குப் பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

தம்பியின் முனை மச்சானின் தோளில் சரியாக அழுந்தியிருந்தது. விளக்குதான் எரியவில்லை.

கூடமே அவளைப் பார்த்தது. பிளக் அவள் கையில் இருந்தது. தம்பி முகமூடியைக் கழற்றினான்.

“புருஷன் தோக்கப் போறார்னதும் பிடுங்கிட்டியாக்கா?”

“அந்த வாள வைடா. ஒவ்வொரு தடவையும் ஒயர் ஒரே இடத்துல அறுந்திருக்கு. பிளேடுல விரிசல் விட்டிருக்கு.”

காலையில் சோதித்துக் கொடுத்தது நீதானே என்று அவன் கேட்டான். நடுவர் வாளை வளைத்துக் காட்டச் சொன்னார். தம்பி முனையைத் தரையில் ஊன்றி வளைத்தான். அழகாக வளைந்து, அழகாக நிமிர்ந்தது. இன்னும் அழுத்தி வளைத்தான். ஒன்றும் ஆகவில்லை. யாரோ கைதட்டினார்கள்.

புருஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. பெண்டாட்டி வந்து காப்பாற்றினாள் என்று ஊர் சிரிக்குமே என்ற எரிச்சல் அவனுக்கு. “என் மானத்த வாங்காத. பிளக்க மாட்டு,” என்றான்.

மாட்டிவிடலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. ஒருவேளை தன் மேஜையில் இருக்கிற இடுக்கியே அந்த இடத்தில் ஒயரை நெரித்திருக்குமோ? அப்படியிருந்தால் தம்பி ஆயுசுக்கும் தன்னிடம் பேச மாட்டான். தன் பயம் தப்பாக இருந்தால் அவமானம், அதோடு போயிற்று. சரியாக இருந்தால் என்ன ஆகும் என்பதை அவளால் நினைக்கக்கூட முடியவில்லை. நேராக நடந்துபோய், புருஷன் கையிலிருந்த முகமூடியை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, அவன் நின்ற இடத்தில் நின்றாள். நெஞ்சை மறைக்க, பட்டறை வேலைக்குக் கட்டியிருந்த தோல் ஏப்ரன் இருந்தது.

“நல்ல வாள்தானே? என்னக் குத்து. மச்சான எப்படிக் குத்துனியோ அதே மாதிரி பாஞ்சு வா.”

“பைத்தியமாக்கா உனக்கு?”

“வளைச்சுப் பாத்தாச்சு. நல்லாருக்குன்னு நீதான சொல்ற. குத்து.”

சட்டென்று நகரச் சொல்லுவதற்குப் புருஷன் வாயைத் திறந்தான். அவள் திரும்பவில்லை. தம்பி வீம்புக்குக் காலை விரித்து நின்றான், கையை நீட்டினான். முனை அவள் கழுத்துக்கு நேராக வந்து நின்றது. அவன் கண் முனையிலிருந்து மெதுவாகப் பிளேடு வழியே பின்னால் வந்து, பசை தடித்துப் பளபளத்த ஓரிடத்தில் நின்றுவிட்டது. கால் எழவில்லை. முகமூடியின் கம்பி வலைக்குப் பின்னாலிருந்து அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விதிப்படி நடுவர் கேட்டார், வாள் சரியாக இருக்கிறதா என்று. இதே கேள்விக்குப் போட்டி தொடங்கும்போது தலையாட்டியவன்தான் அவன்.

“தெரியல சார்,” என்றான் தம்பி. அப்புறம் மச்சானைப் பார்த்தான். “இவ்ளோ நேரம் இத வெச்சுத்தான் உங்க மேல பாஞ்சுட்டு இருந்தேன்.”

முனை யார் பக்கமும் பார்க்காதபடி சுவரை நோக்கித் திருப்பி, வாளைத் தரையில் வைத்தான்.