தூரத்துச் சக்கரம்

பின்னால் இடது சக்கரம் முதலில். அப்புறம் பின்னால் வலது. பிறகுதான் முன்சக்கரங்கள். தெரியாதவனா கொழுந்தன்? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் நானே சொல்வேனே என்று அவள் மனம் அதையே சுற்றியது.

பட்டறையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவள் கணவன் பேசிக்கொண்டிருந்தான். அவள் காதில் பாதிதான் விழுந்தது. எதிரே டயர் அடுக்கின்மேல் கொழுந்தன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். நேற்று அவன் பிரேக் பார்த்துக் கொடுத்த கார், இறக்கத்தில் நிற்காமல் போய் லாரிக்கு அடியில் செருகிக்கொண்டது. ஓட்டிய தையற்கார அம்மாளுக்கு அங்கேயே உயிர் போய்விட்டது. சாயங்காலம் போலீஸ் விசாரிக்க வருகிறது.

பிரேக் குழாயில் காற்று எடுப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் சக்கரத்தடியில் திருகாணியைத் திறந்து மூட, இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். பிரேக் எண்ணெய்த் தொட்டிக்கு எது ரொம்பத் தூரமோ, அந்தச் சக்கரத்தில்தான் இந்தப் பட்டறையில் ஆரம்பிப்பார்கள். கிட்டத்தில் ஆரம்பித்து அவசரப்பட்டால் தூரத்துக் குழாயில் காற்று தங்கி, பிரேக் பிடிக்காமல் போய்விடும். மிதிக்கும் கால், கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளுடையது.

நேற்றும் அவள்தான் மிதித்தாள். கணவன் சாமான் வாங்கப் போயிருந்தான். காரின் முன்பக்கம் ஏற்கெனவே ஜாக்கியில் நின்றது.

"தம்பி, பின்னாடியிலேருந்துதானே?"

"ஏத்தின ஜாக்கிய எறக்கி மறுபடி ஏத்தணுமா? எல்லாம் ஒண்ணுதான் அண்ணி. நீங்க மிதிக்கிற மிதிக்குக் காத்து ஊரைவிட்டே ஓடிடும்."

அவளும் சிரித்தாள். அதை நினைத்தால் இப்போது வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

பின்சக்கரங்களுக்குப் போவதற்குள் தையற்கார அம்மாள் வந்து நின்றுவிட்டாள். அவன் ஏனோதானோவென்று முடித்தான். பெடல் பஞ்சாக அமுங்கியது.

"இன்னும் மெத்துனுதான் இருக்கு தம்பி."

"ஓட ஓட சரியாயிடும்."

அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்து, இவளைப் பார்த்துத்தான் கேட்டாள்: "நம்பி எடுத்துட்டுப் போலாமாம்மா?" தலையாட்டியது அவன். இவள் கையிலிருந்த துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு," என்றான் கணவன். "பெடல் கல்லு மாதிரி இருந்துச்சு. போலீஸ் கேட்டா அவ்வளவுதான் நீ சொல்லணும். உன் காலுக்குள்ள பூந்து எவன் பாக்கப் போறான்?"

"அண்ணி, என்னை உள்ள தள்ளிடுவாங்க."

கொழுந்தன்மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. வந்திருந்தால் சுலபமாகப் போயிருக்கும். அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது அரைக்கால் சட்டையோடு திரிந்தவன். காய்ச்சலில் அவள் மடியிலேயே வாந்தி எடுத்தவன். அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், நம்பலாமா என்று கேட்ட முகமும் பக்கத்தில் வந்து நின்றது. அந்த அம்மாளுக்கும் வீட்டில் ஆட்கள் இருப்பார்கள். பெடல் சரியாக இருந்தது என்று சொல்லிவிட்டால், பிரேக்கை ஒழுங்காக மிதித்தாளா என்று செத்தவளையே ஊர் குறை சொல்லும்.

"போனவ திரும்பி வரப்போறதில்ல. இவனாவது மிஞ்சட்டும்," என்றான் கணவன்.

"தம்பிய எங்க கொண்டுபோய் வச்சாலும் சோறு நான் எடுத்துட்டுப் போறேன்," என்றாள் அவள். "நீங்க சொல்லிக் குடுக்குறது எனக்கு வராதுங்க."

"வராதா, இல்ல மாட்டேங்குறியா?"

"மாட்டேன்."