கரும்பச்சைக் குழாய்

அருப்புக்கோட்டையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் யுவராணி வேலை பார்த்தாள். எம்.ரெட்டியபட்டிக்கு அந்தப் பக்கம் எட்டு ஊர்களின் குடிநீர்க் குழாய்களைச் சோதித்து, எதில் எவ்வளவு ஃபுளோரைடு என்று வரைபடம் போட்டவள் அவள்தான். நிறுவனத்தின் நிறம் பச்சை. படமும் பச்சையிலேயே இருக்கட்டும் என்றார் மேலாளர் சுந்தரபாண்டி. குறைவென்றால் வெளிர்பச்சை, கூடக்கூடக் கரும்பச்சை. அழகாகத்தான் இருந்தது. ஊருக்கு ஒரு ஃபிளெக்ஸ் கட்டினார்கள்.

ஐந்தாம் நாள் ஓர் ஊருக்கு அவள் போனபோது, வடக்குத் தெருக் குழாயில் கூட்டம். எட்டு ஊரிலும் மோசமான தண்ணீர் அதுதான்.

"இங்க ஏங்க்கா பிடிக்கிறீக?"

வரிசையில் முன்னால் நின்ற கருத்தம்மாள் குடத்தை நகர்த்தினாள். "நீதான தாயி படம் போட்ட? இதுதான பச்சைப்பசேல்னு இருக்கு. தெக்குக் கொழா வெளிறிக் கெடக்கு. நாலு நாளா பிள்ளைகளுக்கும் இதத்தான் குடுக்குறோம்."

யுவராணி உடனே மேலாளருக்குப் போன் போட்டாள்.

"கீழ விளக்கம் இருக்குல்லம்மா?"

"எறும்பு மாதிரி இருக்கு சார். யாரு படிப்பா?"

"திங்கக்கெழம பேசுவோம்."

"அதுவரைக்கும் குடிப்பாகளே சார்!"

அவர் வைத்துவிட்டார். அவள் கடையில் சிவப்புப் பெயிண்டும் பிரஷும் வாங்கி, ஃபிளெக்ஸில் அந்தக் குழாயின் கரும்பச்சை வட்டத்தின் மேல் பெருக்கல் குறி போட்டு, 'குடிக்காதீங்க' என்று எழுதினாள்.

"அப்ப இந்த நாலு நாளு?" என்றாள் கருத்தம்மாள்.

"நாலு நாள்ல ஒண்ணும் ஆகாதுக்கா. வருசக்கணக்கா குடிச்சாத்தான் பல்லும் எலும்பும் போகும்."

சொன்னது உண்மைதான். ஆனாலும் கருத்தம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஷேர் ஆட்டோவில் அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர். கையில் பெயிண்ட் காயவில்லை. பொழுது சாய்வதற்குள் ஆறு ஊர் முடிந்தது.

மறுநாள் காலை வெளிர்மஞ்சளில் தொடங்கி ரத்தச் சிவப்பில் முடியும் புதுப் படம் ஒன்றைப் போட்டாள். அச்சுக்குக் கொடுக்காமல் நேரே கருத்தம்மாளிடம் காட்டினாள். "எது மோசம்க்கா?" கருத்தம்மாளின் விரல் நேராகச் சிவப்பில் போய் நின்றது. யாரிடமும் கேட்காமல் அன்றே அடிக்கக் கொடுத்தாள். சுந்தரபாண்டி ஆள்மூலம் அனுப்பிய கடிதம் பைக்குள் கிடந்தது. விளக்கம் கேட்டுத்தான் இருக்கும்; இன்னும் பிரிக்கவில்லை.

ஏழாவது ஊரிலும் சிவப்புக் குறி போட்டு முடித்தாள். எட்டாவது ஊரில் ஃபிளெக்ஸே இல்லை. யாரோ ஆட்டுக் கொட்டகைக்கு மேலே போட்டிருந்தார்கள். இத்தனை நாளாக எந்தக் குழாயில் பிடித்தீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டாள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு குழாயைச் சொன்னார்கள். குடிக்கக் கூடாத குழாய் எது என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.