எலிகியோவின் மீதி வீச்சு

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் எலிகியோ அடித்த பந்து, சான் பெத்ரோ பக்கத்துச் சர்க்கரை ஆலைக்குப் பின்னாலுள்ள மைதானத்தில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, இன்னும் அந்தரத்தில்தான் நிற்கிறது. அமெரிக்க பேஸ்பால் குழுவுக்கு ஆள் எடுக்க வந்தவர் முன்னால் அடித்த பந்து அது. மட்டை பந்தில் பட்டதுமே கையை நிறுத்திவிட்டான், பந்தும் நின்றுவிட்டது. வந்தவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அதன்பின் எத்தனையோ புயல் அடித்தும் பந்து அசையவில்லை. ஆலைக் குடியிருப்பில் இருக்கும் தோன்யா மெலானியா துணிக்கொடியின் ஒரு நுனியை அதில்தான் கட்டியிருக்கிறாள்.

தப்பு மெலானியா வீட்டை ஒட்டிய சந்தின்மேல்தான். குடியிருப்புப் பிள்ளைகள் துடைப்பக் கட்டையால் பாட்டில் மூடியை அடித்துப் பழகுவது அங்கேதான். வீச்சை முழுதாகச் சுற்றினால் கட்டை மெலானியாவின் அடுப்படித் தகரத் தடுப்பில் மோதும், அவள் கரண்டியோடு வந்துவிடுவாள். அதனால் பாதியில் நிறுத்துவது எல்லார் கையிலும் ஊறிப்போய்விட்டது. இப்போது பயிற்சியாளனாகிவிட்ட எலிகியோ, அடித்தபின் இடுப்பு திரும்பவேண்டும், மட்டை தோளைத் தாண்டி முதுகுப் பக்கம் போகவேண்டும் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறான். யார் கை கேட்கிறது? சனிக்கிழமை மறுபடியும் ஆள் எடுக்கும் தேர்வு. புதன்கிழமை மைதானத்தில், இருப்பதில் கெட்டிக்காரனான யெய்சன் அடித்த மூன்று பந்துகளும் அந்தரத்தில் நின்றன. எலிகியோ தன் கதி இவனுக்கும் வந்துவிடக்கூடாதென்று நேரே மெலானியாவிடம் போனான்.

“அக்கா, அந்தத் தகரத்தைக் கழட்டிடுங்க. சனிக்கிழமை வரைக்கும்தான்.”

“இத்தன வருஷமா பந்தத் தொங்கவிட்டவன், எனக்கு யோசனை சொல்ல வந்துட்டியாக்கும்,” என்றாள் அவள், வாழைக்காயை மசித்துக்கொண்டே. ஆனால் சுத்தியலை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டு நாள் தெருவே பார்க்கச் சமைத்தாள். யெய்சன் அதே சந்தில், கட்டை எதிலும் மோதாது என்று கை நம்பும்வரை வீசிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை அவன் அடித்த முதல் பந்தே கரும்புக்காட்டைத் தாண்டிப் போனது. ஆள் எடுக்க வந்தவர் அவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

எல்லாரும் போனபின், எலிகியோ தன் பழைய இடத்தில் காலை ஊன்றி, விட்ட இடத்திலிருந்து மீதி வீச்சை முடித்தான். மட்டை தோளைத் தாண்டிப் போனது. பந்து கிளம்பிவிட்டது, கொடியோடும் மெலானியாவின் இரண்டு பாவாடைகளோடும். கண்ணுக்கு மறையும்வரை பார்த்து நின்றவன், வெட்கப்படாமல் அழுதான்.

“அழுதது போதும். இனிமே துணிய எங்கடா காயப்போடுறது?” என்றாள், பின்னாலேயே வந்த மெலானியா.

யெய்சனின் மூன்று பந்துகளும் அங்கேயே நின்றன. எலிகியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, உறுதியானதில் புதுக் கயிறு கட்டிக் கொடுத்தான்.