பரனூர் தாண்டிய கார்

எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை நெடுஞ்சாலை மோட்டல் என்பது கார் ஜன்னல் வழியாகப் பார்ப்பதற்காகக் கட்டப்பட்ட ஒன்று. சேலையூரிலிருந்து வண்டி கிளம்பினால் அப்பா ஸ்ரீரங்கன் ஸ்டீயரிங்கில் இருப்பார். பக்கத்து சீட்டில் அம்மா சாவித்ரி, அவள் மடியில் புளியோதரையும் தயிர்சாதமும் அடைத்த எவர்சில்வர் தூக்கு, பின்சீட்டில் நான். மோட்டல் போர்டுகள் வரும், போகும். "வெளில சாப்பிட்டா வயிறு என்னத்துக்கு ஆகும்" என்று அப்பா ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். பசி வந்தால் ஏதாவது மரத்தடியில் நிறுத்தி, லாரி கிளப்பும் புழுதியோடு தயிர்சாதம் சாப்பிடுவோம். புழுதி வயிற்றைக் கெடுக்காது என்பது அப்பாவின் அசைக்க முடியாத நம்பிக்கை.

இதற்கெல்லாம் சேர்த்துத்தான் பைக்கில் தனியாகக் கன்னியாகுமரி போவது, வழியெல்லாம் மோட்டலில் மட்டுமே சாப்பிடுவது என்று முடிவு செய்தேன். நேரமும் தோதாக அமைந்தது. அப்பா வங்கி ஆடிட்டுக்காக நாக்பூரில் இருந்தார். கணக்கு டீச்சரான அம்மா, ப்ளஸ் டூ பேப்பர் திருத்தச் செங்கல்பட்டு போவதாகவும், முடியும்வரை யூனிஸ் டீச்சர் வீட்டில் தங்குவதாகவும் சொல்லியிருந்தாள். கார், பம்பர் வேலைக்காகத் திருமுடிவாக்கத்தில் ஏகநாதன் ஷெட்டில் நின்றது. நான் காட்டாங்குளத்தூரில் கிரீஷ் அறையில் ப்ராஜெக்ட் செய்துகொண்டிருந்தேன். அதாவது, அப்படிச் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டில் ஒரே ஒருவன்தான் பொய் சொல்கிறான் என்று பைக்கில் கிளம்பிய அன்று காலை வரை மனப்பூர்வமாக நம்பினேன்.

பெருங்களத்தூர் நெரிசலில் பாதி உயிர் போனது. மீதி உயிரோடு சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி முதல் மோட்டலில் நிறுத்தி, காலை டிபனுக்குச் சிக்கன் அறுபத்தைந்து கேட்டேன். சர்வர் என்னை ஒரு நோயாளியைப் போலப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்து வைத்தார். இரண்டாவது துண்டில் அப்பா போன் செய்தார்.

"ஷ்யாம், எங்கடா இருக்க?"

"கிரீஷ் ரூம்லப்பா."

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"அது என்ன சத்தம்?"

"கிரீஷோட அலாரம்."

"நம்ம கார் பரனூர் டோல் தாண்டியிருக்குடா. ஃபாஸ்டேக் மெசேஜ் வந்திருக்கு. கார் ஷெட்ல இருக்கு. அது எப்படிப் பரனூர் தாண்டும்?"

எனக்கும் தெரியவில்லை.

"திருட்டுடா. ஷெட் பசங்க எவனோ ஓட்டிண்டு போறான். ஏகநாதனுக்கு அடிச்சா பிஸி பிஸிங்கறது. அம்மா போன் எடுக்கல, பேப்பர் திருத்தற எடத்துல வாங்கி வெச்சுப்பா போல. நீதான் பக்கத்துல இருக்க. பைக்கை எடு."

"எடுத்து?"

"பிடி."

"அப்பா, நான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கறேன்."

"மத்யானத்துக்குள்ள தகவல் சொல்லு. இல்லேன்னா டேகை ப்ளாக் பண்ணிட்டு போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுத்துடறேன்."

வைத்துவிட்டார். ஏகநாதனுக்கு நான் அடித்தபோது லைன் கிடைத்தது.

"இன்னா தம்பி, வண்டியா? அம்மா நேத்தே வந்து எடுத்துகினு போய்ட்டாங்களே."

"எந்த அம்மா?"

"உங்கம்மாதான். உனக்கு எத்தினி அம்மா கீறாங்க?"

"அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுண்ணா."

"தெர்யாதா? ரிவர்ஸ் எடுத்தாங்க பாரு, அப்டியே வெண்ணெல கத்தி வுட்ட மாரி. ஞாயித்துக்கெழம ஆனா எஸ்டேட்டுல கம்பெனி எல்லாம் லீவு, ரோடு காலியா கீது. நம்ம ஷெட்டு பழைய வண்டிய எடுத்துகினு சுத்திகினு இருப்பாங்க. ரெண்டு மாசமா நடக்குது." சற்று நிறுத்தினார். "உனக்குத் தெர்யாதா? அடப்பாவி, சொல்லாதீங்கன்னாங்களே. பேஜாரா பூட்ச்சே."

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கப் போவாள். அவளுக்காக நான் வருத்தப்பட்டதுகூட உண்டு.

தட்டில் மிச்சமிருந்ததை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். பரனூரில் பைக்குக்குக் கட்டணம் இல்லை, யாரும் நிறுத்தவில்லை. பாலாற்றுப் பாலம் தாண்டி ஒவ்வொரு மோட்டலின் வாசலிலும் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தேன். மதுராந்தகத்துக்குச் சற்று முன்னால், பின்கண்ணாடியில் பெருமாள் ஸ்டிக்கரோடு எங்கள் கார் நின்றது. இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கும் நட்ட நடுவில் நின்றது. அப்பா ஓட்டி அது ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

உள்ளே ஃபேனுக்கு அடியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். தலையில் ஏற்றிவிட்ட கூலிங் கிளாஸ்தான் முதலில் கண்ணில் பட்டது. பிறகு தட்டைப் பார்த்தேன். மஞ்சளாக, மடித்து, மேலே மிளகு தூவியிருந்தது. அடை என்று முடிவுகட்ட என் மூளை மிகவும் முயன்றது. சனிக்கிழமையானால் வெங்காயத்தையே வாசலில் நிறுத்திவைக்கும் வீடு எங்களுடையது. என் அம்மா ஆம்லெட்டை விண்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஒரு சர்வர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

அம்மா நிமிர்ந்தாள். கை அப்படியே நின்றது. பிறகு, வகுப்புக்குத் தாமதமாக வந்தவனிடம் சொல்வதைப் போல, "உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன்.

"நீ பேப்பர் திருத்தல?"

"நீ ப்ராஜெக்ட் பண்ணல?"

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

"அம்மா, அது முட்டை."

"தெரியும். மெனுல போட்டிருக்கே."

"நம்மாத்துல..."

"நாலு வருஷமா உன் சட்டைல வர சிக்கன் வாசனையை ஊற வெச்சுத் துவைக்கறேன். நம்மாத்தைப் பத்தி நீ பேசாதே."

மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அது அவளுடைய தண்ணீர்.

"எங்க போற?" என்று கேட்டேன்.

"கன்னியாகுமரி."

"அங்க என்ன?"

"அங்க ஒண்ணுமில்ல. வழிலதான் எல்லாம்." தட்டைக் கொஞ்சம் நகர்த்திவைத்தாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த ரோட்டுல போயிண்டிருக்கேன், மடில தூக்கை வெச்சுண்டு. ஒவ்வொரு போர்டும் மனப்பாடம். உள்ள எப்படி இருக்கும்னு ஒண்ணுகூடத் தெரியாது. இங்க மீன் தொட்டி வெச்சிருக்கான் பாரு. ரோட்டுலேர்ந்து பாத்தா இது தெரியுமா?"

பார்த்தேன். கல்லாவுக்குப் பின்னால் ஒரு தொட்டியில் ஆரஞ்சு மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. சாலையிலிருந்து தெரியாதுதான்.

"எல்லாத்துலயும் இறங்கப் போறியா?"

"வயிறு இடம் குடுக்கற வரைக்கும்."

இதற்குப் பிறகுதான் அதைச் சொன்னேன். ஃபாஸ்டேக் மெசேஜ் அப்பா போனுக்குப் போகிறது, காரைத் திருடன் கொண்டுபோவதாக நினைத்து போலீசுக்குப் போகப்போகிறார் என்றேன்.

அம்மா ஒவ்வொரு விரலாக மடக்கினாள். "காத்து பாத்தேன். ஆயில் பாத்தேன். ஸ்டெப்னி பாத்தேன். ஆர்சி புக்கு, லைசென்ஸு எல்லாம் எடுத்து வெச்சேன்" என்றாள் மெல்ல. "அந்த மெசேஜை யோசிக்கவே இல்லடா."

"திருடன் பயந்து விட்டுட்டு ஓடிட்டான், நான் ஷெட்ல கொண்டுபோய் விட்டுட்டேன்னு சொல்லிடறேன். நீயும் திரும்பிடு."

"அவர் 'வேண்டாம், திரும்பி வா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா திரும்பிடுவேன்டா. சண்டையெல்லாம் போட மாட்டேன். எப்பவும் அப்படித்தான். அதனாலதான் சொல்லாம வந்தேன்."

என் போன் அடித்தது. அப்பா. வாயைத் திறந்து என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அம்மா கையை நீட்டினாள். "குடு." ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள்.

"நான்தான் எடுத்துண்டு வந்தேன்" என்றாள்.

நாக்பூரில் ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"சாவித்ரியா?"

"ஆமாம்."

"யார் ஓட்டறா?"

"நான்தான். தனியா. மதுராந்தகம் கிட்ட வந்துட்டேன்."

மறுபடி மின்விசிறி. அம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பாடு கட்டிண்டு போனியா?"

"இல்ல. தூக்கு ஆத்துலதான் இருக்கு."

எங்கள் வீட்டு வரலாற்றில் தூக்கு இல்லாமல் செங்கல்பட்டைத் தாண்டியவர் கிடையாது. 'திரும்பி வா' வரப்போகிறது என்று நான் மீன்களைப் பார்த்துக்கொண்டேன்.

"ஹாண்ட் பிரேக் கொஞ்சம் லூஸ்" என்றார் அப்பா. "ஏத்தத்துல நிறுத்தினா கியர்லயே விடு."

அம்மா மேஜையை விட்டாள். "சரி" என்றாள். இன்னொரு முறை "சரி" என்றாள்.

"என்ன சாப்பிட்ட?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"டிபன்" என்றாள்.

போனை வைத்ததும் தட்டை என் பக்கம் தள்ளினாள். "நன்னாவே இல்ல. இதுக்காகவா இத்தனை வருஷம் எல்லாரும் அலையறேள்?"

"நானும் கன்னியாகுமரிதான் போறேன். கூட வரட்டுமா?"

"நீ கூட வந்தா அது தனியாப் போறதாடா? கணக்கு டீச்சர் பிள்ளை கேக்கற கேள்வியா இது?"

கூலிங் கிளாஸை இறக்கிவிட்டுக்கொண்டு போனாள். கார் பின்னால் நகர்ந்தது, வெண்ணெயில் கத்தி விட்டதைப் போல. திரும்பும்போது இண்டிகேட்டருக்குப் பதிலாக வைப்பர் இரண்டு முறை ஆடி நின்றது. பிறகு சரியான விளக்கு எரிந்தது. தெற்கே திரும்பினாள்.

மிச்ச ஆம்லெட்டை நான் சாப்பிட்டேன். அவள் சொன்னது சரி, உப்பே இல்லை. கை கழுவிவிட்டு, நான் நிஜமாகவே வெளியூர் வந்திருக்கிறேனா என்று யோசித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தபோது அப்பா மறுபடி கூப்பிட்டார்.

"ஆத்தூர் டோல் தாண்டிட்டாடா" என்றார். கிரிக்கெட் ஸ்கோர் சொல்லும் குரல் அது. "இப்பதான் மெசேஜ் வந்தது. அடுத்தது விக்கிரவாண்டி. அதுக்கு முன்னால பச்சை போர்டு போட்ட மோட்டல் ஒண்ணு வரும். ஓட்டறவாளுக்குப் போன் பண்ணக்கூடாது, நீ மெசேஜ் போட்டு வை. அங்க காபி பிரமாதமா இருக்கும், மெதுவடை அதைவிட."

"அப்பா."

"என்னடா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

நாக்பூரில் மின்விசிறி சுற்றியது. ரொம்ப நேரம் சுற்றியது.

"எல்லாரும் சொல்லுவா" என்றார். பிறகு குரலை உயர்த்தி, "அது இருக்கட்டும், கிரீஷ் ரூம்லேர்ந்து மதுராந்தகத்துக்கு நீ எப்படிடா அவ்ளோ சீக்கிரம் போன?" என்றார்.

"சிக்னல் சரியில்லப்பா" என்று வைத்துவிட்டேன்.

சர்வர் மேஜையைத் துடைக்க வந்தார். அம்மா விட்டுப்போன தம்ளரையும் என் ஹெல்மெட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த அம்மாகூட வந்தவரா நீங்க?"

"இல்லண்ணா" என்றேன். "அவங்க தனியா வந்தவங்க."