நடு ஆற்றில் ஒரு வைவா

நான் பொய் சொல்வதில்லை. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவன் பொய் சொன்னால் ஆறு பொறுக்காது.

மீன் வறுவல் கடை தீர்த்தம்மாளின் மகள் காவியா எம்.எஸ்.சி. கடைசி வருஷம். ஆற்று மீன்களைப் பற்றி ஆராய்ச்சி. கடைசி வாய்மொழித் தேர்வான வைவாவை ஆன்லைனிலேயே முடித்துவிடலாம் என்றது பல்கலைக்கழகம். தவறினால் ஒரு வருஷம் வீண். அன்றைக்கென்று எங்கள் தெருவில் சிக்னல் செத்துப்போனது. பென்னாகரம் போகலாமென்றால் பஸ்ஸும் படுத்துவிட்டது. நடு ஆற்றுக்குப் போனால் மட்டும் கர்நாடகத்து டவர் பாறை இடுக்கில் எட்டிப் பார்க்கும். காவியாவைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு போனேன்.

போனில் கேள்வி கேட்கிற நிர்மலாதேவி மேடமும் இரண்டு சார்களும் தெரிந்தார்கள். முதல் கேள்வி நல்லபடியாகப் போனது. நடு ஆற்றுக்கு வந்தால் பயணிகள் சந்தோஷத்துக்காகப் பரிசலைச் சுற்றிவிடுவது எங்கள் தொழில்முறை. என் கைக்கு வைவா என்றால் என்ன தெரியும்? சுற்றிவிட்டது.

போனுக்கு அந்தப் பக்கம் ஒரு சார் நாற்காலியோடு இடப்பக்கம் சாய்ந்தார். இன்னொருவர் டம்ளரில் டீ தானாகச் சுழன்றதை நானே கண்ணால் பார்த்தேன். காவியா மட்டும் செவுளைப் பற்றி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பின்னால் தெரியும் பாறை ஒட்டவைத்த படமாம். பதில் சொல்லிக்கொடுப்பது தெரியாமலிருக்கத்தான் சுற்றுகிறோமாம். சொல்லிக்கொடுப்பது துடுப்போடு உட்கார்ந்திருக்கும் பெரியவராம், அதாவது நானாம். நேரில் வந்து பார்க்காமல் மார்க் கிடையாது என்று போனை வைத்துவிட்டார். காவியா அழுதாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. என்னைப் படித்தவன் என்று சந்தேகப்பட்ட முதல் ஆள் அந்த அம்மாதான்.

அடுத்த வாரம் மூவரும் தர்மபுரி பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். தீர்த்தம்மாள் என்னை ஓரமாக அழைத்தாள்.

"மாதுண்ணா, வைவா முடியற வரைக்கும் கையைச் சும்மா வெச்சிருங்க. சுத்துனீங்கன்னா இனிமே எங்கடையில மீன் தலைகூட கிடையாது."

சத்தியம் செய்தேன்.

லைஃப் ஜாக்கெட் மாட்டிப் பரிசலில் ஏறியதும் பேராசிரியர்கள் எல்.கே.ஜி. பிள்ளைகளாகிவிட்டார்கள். மேடம் பாறையை எட்டித் தொட்டுப் பார்த்து, நிஜம்தான் என்று சார்களிடம் சொன்னார். பிறகு மூவரும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். காவியா ஒன்றையும் விடவில்லை. நான் துடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சைக்கூட நேராக விட்டேன்.

அப்போதுதான் ஒரு மீன் துள்ளி மேடத்தின் மடியில் விழுந்தது. கன்றுக்குட்டி அளவு இருக்கும். கூட்டிச் சொல்வது என் பழக்கமில்லை.

மேடம் அலறவில்லை. அதையும் கேள்வியாக்கினார். காவியா பேரைச் சொன்னாள், அறிவியல் பேரைச் சொன்னாள், ஒரு செதிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வயசையும் சொன்னாள்.

"பாஸும்மா. அன்னைக்கே போட்டிருக்கணும். மனசுல வெச்சுக்காத" என்றார் மேடம்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏங்க சுத்தல?"

"சத்தியம் பண்ணியிருக்கேங்க மேடம். வைவா முடியற வரைக்கும்."

"அதான் முடிஞ்சிருச்சே."

படித்தவர்கள் சொன்னால் நான் மறுப்பதில்லை. சுற்றினேன். மேடம் சிரித்த சிரிப்பு ஏரியூர் வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். இடப்பக்கம் சாய்ந்த சார் இந்த முறை வலப்பக்கம் சாய்ந்து நேராகிவிட்டார்.

கேள்வியாக வந்த மீனைத் தீர்த்தம்மாள் வறுத்தாள். மூவரும் முள்ளை மட்டும் மிச்சம் வைத்தார்கள்.

தலை எனக்கு.