டிவிக்கு எதிரே கற்றது

என் வீட்டுக்காரர் குழாய் ரிப்பேர் செய்பவர். அவருக்கு டிரம்ஸ் வாசிக்க யாரும் சொல்லித் தரவில்லை. டிவிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு, பழைய ஜாஸ் ஜாம்பவான்களையும் தலைமுடி பறக்க அடிக்கும் ராக் ஆட்களையும் பார்த்துப் பார்த்தே கற்றார். "அந்த மணிக்கட்டப் பாரேன், என்னமா சுழலுது" என்று உருகுவார். அடுப்பில் பால் பொங்கினாலும் தெரியாது.

இன்று ஹோட்டல் இசைக்குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். கிடைக்காவிட்டால் டிரம்ஸை விற்றுவிடுவதாகச் சபதம் வேறு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர்.

மேடையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"என்னங்க?"

"எல்லாம் பக்கம் மாறி இருக்கு. பெரிய டிரம்மோட பெடல் வலது பக்கம் இருக்கு."

அவருக்கு முன்னால் போனவர் அதே பெடலைச் சரளமாக மிதித்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. கண்ணாடியைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்து, இடவலம் மாற்றிக் கற்றிருக்கிறார் இந்தப் புண்ணியவான். எல்லோரும் வலது காலால் மிதிப்பதை இவர் இடது காலால் மிதித்துப் பழகிவிட்டார். மேடையிலோ எல்லாவற்றையும் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தார்கள்.

"போயிடலாமா?" என்றார்.

"போய் உக்காருங்க. வர்றது வரட்டும்."

சொல்லிவிட்டேனே தவிர, கைப்பையின் வாரைத் திருகித் திருகிப் பிய்த்தேவிட்டேன்.

பாட்டு ஆரம்பித்தது. வலது கால் தப்பாக விழுந்தது. அடுத்ததும் தப்பு. பாடகி திரும்பிப் பார்த்தார்; குழுவே அவருடையதுதான். எனக்கு உயிரே போய்விட்டது.

என் வீட்டுக்காரர் இரண்டு கால்களையும் ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். குச்சிகளை வைத்துவிட்டு, டிரம்மைத் தடவி வாசிக்கும் கம்பி பிரஷ்களை எடுத்தார். அவர் வாய்பிளந்து பார்க்கும் ஒரு ஜாஸ் கிழவர் அப்படித்தான் வாசிப்பார், பாடுகிறவர் மூச்சுவிடும் இடத்தில் மட்டும் மெல்லத் தடவி. பாடகி மறுபடி திரும்பவில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் தவித்தேன்.

"கை நல்லா இருக்கு. கால் எங்க?" என்றார் பாடகி, பாட்டு முடிந்ததும்.

"அது இன்னும் வீட்லதான் இருக்கு மேடம்."

பாடகி சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை கச்சேரி. வரும்போது ரெண்டு காலையும் கூட்டிட்டு வாங்க."

பஸ்ஸில் வீட்டுக்காரர் தன் வலது காலால் என் காலை மிதித்துக்கொண்டே வந்தார். தாளம் தப்பித் தப்பித்தான் விழுந்தது. வலித்தாலும் நான் காலை எடுக்கவில்லை.